நாற்பது நாள் அழக்கூடாது

போன மாதம் ரேணுகா போனில் கோல் எடுத்தாள். நான் பென்சனில் வந்த பிறகு கண் கிளினிக்கில் என் நாற்காலிக்கு வந்த நர்ஸ் அவள். கெட்டிக்காரிதான், ஆனால் எதையும் இரண்டு தடவை கேட்டால்தான் நம்புவாள். வெண்புரை ஒப்பரேசன் முடிந்து வீட்டுக்குப் போகிறவர்களுக்குக் கொடுக்கும் அறிவுரைத் தாளைப் புதிதாக அச்சடிக்கப் போகிறார்களாம். பழைய கட்டை எடுத்துப் பார்த்தால், எல்லாத் தாளிலும் ஒரே வரியை யாரோ நீலப் பேனாவால் அழுத்தி வெட்டியிருக்கிறார்களாம்.

"மிஸ், அது ஒங்க கைவேலைனு இங்க எல்லாரும் சொல்றாங்க. 'நாற்பது நாட்களுக்கு அழக்கூடாது'ங்கிற வரி. புதுசுல அது இருக்கட்டுமா, வேணாமா?"

"வேணாம்."

"ஏன் மிஸ்?"

எழுதி அனுப்புகிறேன் என்று சொல்லி போனை வைத்துவிட்டேன். வாயால் சொல்லப் போனால் நடுவில் எப்படியும் மூக்கை உறிஞ்சுவேன். சிடுமூஞ்சி மிஸ்ஸி அழுதாள் என்று அவள் வார்ட்டு முழுக்கச் சொல்லிவிடுவாள்.

நான் பிறந்தது ஹாலிஎலைக்கு மேலே ஒரு தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீட்டில். அப்பாவுக்குத் தேயிலை ஃபெக்டரியில் வேலை. எப்படிப் படித்தேன், எப்படி நர்ஸ் பயிற்சிக்குத் தெரிவானேன், சிங்களம் தெரியாமல் முதல் வருடம் எப்படித் திருதிருவென்று விழித்தேன் என்பதெல்லாம் என் பிள்ளைகளே கேட்டுச் சலித்த கதை. ஊவா மாகாணத்தில் ஓர் அரச ஆஸ்பத்திரியின் கண் பிரிவில்தான் உத்தியோகத்தின் பெரும்பகுதி போனது. ஆஸ்பத்திரியின் பெயர் வேண்டாம். நடந்த பிழை என்னுடையது.

நான் சேர்ந்த காலத்தில் வெண்புரை எடுப்பது என்றால் கருவிழியின் மேல் ஓரத்தில் பிறை மாதிரிப் பெரிதாக வெட்டுவார்கள். பூ விழுந்த வில்லையை அந்த வழியாக வெளியே எடுத்து, செயற்கை வில்லையை வைத்து, தலைமுடியை விட மெல்லிய நூலால் தைப்பார்கள். தையல் ஆறுகிற வரைக்கும் எங்களுக்கு வயிற்றில் நெருப்புத்தான். ஒருவர் இருமினால் பயம், மலம் கழிக்க முக்கினால் பயம், பேரப்பிள்ளை விளையாட்டாகக் கையை வீசினால் பயம். அழுதாலும் பயம். அழுகிறவர்கள் சும்மா அழமாட்டார்கள், சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைப்பார்கள், கசக்குவார்கள்.

அதனால் வீட்டுக்கு அனுப்பும்போது நான் ஒரு பாட்டுப் பாடுவேன். "குனியக்கூடாது, பாரம் தூக்கக்கூடாது, தலைக்கு ஊத்தக்கூடாது, அடுப்புப் பொகையில நிக்கக்கூடாது, கண்ணக் கசக்கக்கூடாது, நாப்பது நாளைக்கு அழக்கூடாது, வெளிய போனா கறுப்புக் கண்ணாடி போடணும்." ஒரே மூச்சில் சொல்லி முடிப்பேன். தாளில் அச்சடித்தும் கொடுப்போம், ஆனால் எங்கள் ஆட்களில் பாதிப் பேருக்கு வாசிக்க வராது, என் வாய்தான் தாள். தமிழில் சொல்ல அங்கே அதிகம் பேர் இல்லாத காலம் அது. ஸ்பிரிங்வெளியிலிருந்து பசறை வரைக்கும் மிஸ்ஸி சொன்னால் மறுபேச்சுக் கிடையாது. எனக்கு அதில் கொஞ்சம் பெருமையும் உண்டு, இப்போது மறைத்து என்ன ஆகப்போகிறது.

பிறகு பெரிய டொக்டர் மாற்றலாகி வந்தார். மெசினும் வந்தது. வெட்டு ஓர் அரிசி அகலத்துக்கு வந்துவிட்டது. ஊசி போன்ற ஒரு முனை அதிர்ந்து வில்லையைக் கண்ணுக்குள்ளேயே உடைத்து உறிஞ்சி எடுத்துவிடும். சுருட்டி உள்ளே தள்ளும் புது வில்லை தானாக விரிந்துகொள்ளும். தையல் இல்லை. காலையில் வந்தவர் மாலையில் தேத்தண்ணி குடித்துவிட்டு பஸ் ஏறலாம். எங்கள் வேலையில் எல்லாமே மாறியது, என் பாட்டு மட்டும் மாறவில்லை. மாற்று என்று யாரும் சொல்லவில்லை. எனக்கும் தோன்றவில்லை.

பெரிய டொக்டரைப் பற்றிச் சொல்ல வேண்டும். சிங்களவர். தமிழை எங்கள் தோட்டத்து நோயாளிகளிடமிருந்தே பிடித்துக்கொண்டவர், அதனால் அவர் பேசுவதும் லயத்துத் தமிழ்தான். நோயாளி பெஞ்சில் இருந்தால் இவர் குட்டி ஸ்டூலை இழுத்து அவர் முகத்துக்கு நேரே இருப்பார், நின்றுகொண்டு பேசமாட்டார். மருந்துக் குப்பியை உள்ளங்கையில் கொஞ்ச நேரம் பொத்தி வைத்துச் சூடாக்கித்தான் சொட்டு விடுவார், ஐஸ் மாதிரி விழக்கூடாதாம். ஒருமுறை நான் ஒரு கிழவரிடம் "பயப்படாதீங்க, சின்ன ஒப்பரேசன்தான்" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் போன பிறகு டொக்டர் மெதுவாகச் சொன்னார்: "மிஸ், சின்ன ஒப்பரேசன்னு அடுத்தவன் கண்ணுக்குத்தான் சொல்ல முடியும்." கோபமாகச் சொல்லியிருந்தால் மறந்திருப்பேன்.

கண்ணீர் விசயத்தை ஆரம்பித்ததும் அவர்தான். ஒப்பரேசன் நன்றாக முடிந்து, சுவரில் தொங்கும் எழுத்துகளைக் கடைசி வரி வரைக்கும் வாசித்துவிட்டு, "ஆனா மிஸ்ஸி, கண்ணுக்குள்ள மண்ணு கெடக்கிற மாதிரி இருக்குதுங்க" என்பவர்கள் எப்போதும் உண்டு. "எரியுது" என்பார்கள், "தண்ணியா கொட்டுது" என்பார்கள். தையல் போட்ட காலத்தில் நூல் குத்துகிறது என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம். தையல் நின்ற பிறகும் அதே முறைப்பாடு வந்தது. "கடைசி வரி வரைக்கும் படிக்கிறீங்க, இன்னும் என்ன வேணும்?" என்று நான் விரட்டிவிடுவேன்.

ஒருநாள் அப்படி விரட்டியது டொக்டர் காதில் விழுந்துவிட்டது. கூப்பிட்டு விளக்கினார். "கருவிழி முழுக்க நரம்பு மிஸ். கண்ணு காயுது, தண்ணி விடுனு சொல்றது அதுதான். நாம வெட்டுறப்ப அதுல கொஞ்சம் அறுந்து போகுது. பழைய வெட்டுல நெறைய அறுந்துச்சு, இப்ப கொஞ்சமா அறுது. அவ்வளவுதான் வித்தியாசம். கண்ணுக்குத் தாகம் எடுக்குது, கேக்கத் தெரியல." இதோடு மைக்கிரஸ்கோப்பின் வெளிச்சம், ஒரு மாதம் ஊற்றும் சொட்டு மருந்தில் அது கெடாமலிருக்கக் கலக்கும் சரக்கு எல்லாம் சேர்ந்துகொள்ளும். பெரும்பாலானவர்களுக்கு இரண்டு மூன்று மாதத்தில் சரியாகிவிடும். அதுவரைக்கும் அவர்கள் சொல்வது பொய் இல்லை என்றார்.

அன்றிலிருந்து ஒப்பரேசனுக்கு முன்னும் பின்னும் கண்ணீரை அளப்பது என் வேலையானது. மில்லிமீட்டர் கோடு போட்ட காகிதக் கீற்று ஒன்று இருக்கிறது. அதன் நுனியை மடித்துக் கீழிமையின் உள்ளே, காதுப்பக்க ஓரத்தில் கொளுவ வேண்டும். கருவிழியில் படக்கூடாது. ஐந்து நிமிடம் விட்டு எடுத்து, ஈரம் எதுவரைக்கும் இறங்கியிருக்கிறது என்று பார்த்து எழுத வேண்டும். பத்துக்கு மேலே போனால் நல்லது, ஐந்துக்குக் கீழே என்றால் கண் காய்ந்துபோய் இருக்கிறது என்று அர்த்தம். பிறகு ஒரு மஞ்சள் சாயத்தைத் தொட்டு வைப்போம். டொக்டர் நீல வெளிச்சத்தில் பார்ப்பார். காய்ந்து தோல் உரிந்த இடங்கள் பச்சைப் புள்ளிகளாகத் தெரியும். இரண்டு கண்ணிலும் கீற்றுத் தொங்க அசையாமல் இருக்கும் எங்கள் அம்மாக்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரும். அவர்களுக்கும் வரும். சிரித்தால் அளவு பிழைக்கும் என்று நானே அதட்டுவேன்.

இனி பழனியம்மா.

பசறைப் பக்கத்துத் தோட்டம். கொழுந்து பறித்து ஓய்ந்தவர். இரண்டு கண்ணிலும் பூ. புருசன் சின்னசாமி கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வருவார். பெஞ்சில் அவரை இருத்திவிட்டு, வரிசை நம்பரைக் கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பார், வேறு யாராவது பறித்துவிடுவார்கள் என்பது போல. முதலில் வலது கண் செய்தோம். மறுநாள் கட்டை அவிழ்த்ததும் பழனியம்மா புருசனைப் பார்த்து, "என்னங்க இப்புடி நரைச்சுப் போயிட்டீங்க" என்றார். வார்ட்டே சிரித்தது. நான் என் பாட்டைப் பாடினேன். சின்னசாமி ஒவ்வொன்றையும் திருப்பிச் சொல்லிப் பார்த்துக்கொண்டார். "நாப்பது நாளுங்களா? சரிங்க. நான் பாத்துக்கிறேன்." ஒரு வாரத்தில் காட்ட வந்தார்கள். கண் நன்றாக இருந்தது.

அடுத்ததாக வந்தது முப்பத்து நான்காம் நாள். அன்று கூட வந்தது மகள் சாந்தி, கொழும்பில் ஒரு கடையில் வேலை செய்கிற பிள்ளை. பெஞ்சில் இரண்டு பேருக்கும் நடுவில் ஓர் ஆள் இருக்கிற அளவுக்கு இடம் விட்டிருந்தது. என்னம்மா செய்கிறது என்று கேட்டதற்கு மகள், "அவங்ககிட்டயே கேளுங்க" என்றாள். பழனியம்மாவின் நெற்றியில் பொட்டு இல்லை. நான் அதைப் பார்த்தேன். பார்த்தும் கேட்கவில்லை, வெளியே பெஞ்சு நிறைய ஆட்கள் இருந்தார்கள்.

"எரியுதுங்க மிஸ்ஸி. மண்ண அள்ளிப் போட்ட மாதிரி இருக்குதுங்க."

கண் சிவந்து கிடந்தது. "அடுப்புப் பொகையில நின்னிருப்பீங்க" என்று அதட்டினேன்.

"இல்லீங்க. நீங்க சொன்னதுல ஒண்ணையும் நான் மீறலீங்க."

கீற்றை வைத்து ஐந்து நிமிடம் பார்த்தேன். ஒப்பரேசன் செய்த கண்ணில் மூன்று. செய்யாத கண்ணில் ஆறு. ஒப்பரேசனுக்கு முன்பு அளந்தபோது இரண்டிலும் பன்னிரண்டுக்குக் குறையவில்லை. டொக்டர் நீல வெளிச்சத்தைப் போட்டார். கருவிழியின் கீழ்ப் பாதி முழுக்கப் பச்சைப் புள்ளிகள். அவர் வெளிச்சத்தை அணைத்துவிட்டு ஸ்டூலைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளி, அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னிடம், "மிஸ், இவங்க இமைக்கவே இல்ல. கவனிச்சீங்களா? ஏன்னு கேளுங்க" என்றார்.

நான் கேட்டேன். பழனியம்மா வாசல் பக்கம் நின்ற மகளை ஒருமுறை பார்த்துவிட்டு, தாழ்ந்த குரலில் சொன்னார்: "இமைச்சா வழிஞ்சிருங்க. வராம இருக்கணும்னா கண்ண அகலத் தொறந்து வச்சுக்கணும். இப்ப அதுவே பழகிப் போச்சுங்க."

"எது வழியும்?"

"கண்ணீருதாங்க. அவரு போயிட்டாருங்க, ஒப்பரேசன் செஞ்ச பன்னெண்டாம் நாளு. வெறகு எடுக்கப் போனவரு, நெஞ்ச புடிச்சுக்கிட்டு அங்கனயே உக்காந்துட்டாருங்க."

 பழனியம்மா நிறுத்தாமல் சொன்னார். நாளுக்கு நாலு தடவை சொட்டு மருந்து விட்டது சின்னசாமிதானாம். ஒவ்வொரு தடவையும் "மிஸ்ஸி சொன்னத மீறாத, கண்ணு போயிரும்" என்று சொல்லித்தான் விடுவாராம். அவர் கிடக்கும்போது அவர் சொன்னதை எப்படி மீறுவது? அதனால் இவர் அழவில்லை. குனியக்கூடாது என்பதால் உடம்பின் மேல் விழவில்லை, காலைத் தொட்டுக் கும்பிடவும் இல்லை. தலைக்கு ஊற்றக்கூடாது என்பதால் எல்லோரும் தலைமுழுகியபோது இவர் உடம்புக்கு மட்டும் ஊற்றிக்கொண்டார். வெளியே போனால் கறுப்புக் கண்ணாடி என்பதால், வாசலில் தப்பு மேளம் அடிக்க, பெண்கள் கழுத்தைக் கட்டிக்கொண்டு ஒப்பாரி வைக்க, இவர் கறுப்புக் கண்ணாடியோடு சுவரில் சாய்ந்து இருந்தார்.

ரேணுகாவுக்கு நான் எழுத வேண்டியது இதுதான்: என் பாட்டில் ஒவ்வொரு வரியும் எங்கள் எழவு வீட்டில் ஒரு பெண் செய்தே ஆக வேண்டிய ஒன்றைத் தடுத்தது. லயத்தில் பிறந்தவள் நான். அத்தனை வருடத்தில் எனக்கு அது தோன்றவில்லை.

"யாருகிட்டயாச்சும் சொன்னீங்களாம்மா, ஏன் அழலனு?" என்று கேட்டேன்.

"ஆரம்பத்துல சொன்னேங்க. புருசன விட கண்ணு பெருசாப் போச்சானு கேட்டாங்க. அப்புறம் சொல்லல. இதோ, இவளும் எங்கூட பேசறதில்ல."

சாந்தி வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பழனியம்மா டொக்டரைப் பார்த்து, ஏதோ கடை எத்தனை மணிக்குத் திறக்கும் என்று கேட்கிற மாதிரிக் கேட்டார்: "இன்னும் ஆறு நாளு இருக்குதுங்க நாப்பதுக்கு. அது முடிஞ்சா அழலாமுங்களா?"

டொக்டர் என்னைத் திரும்பிப் பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை. ஸ்டூலை முன்னுக்கு இழுத்து, "அம்மா, இப்பவே அழலாம். அன்னைக்கே அழுதிருக்கலாம். அழுதா இந்தக் கண்ணுக்கு ஒண்ணும் ஆகாது. இது நாங்க சொன்ன பிழை" என்றார். 'நாங்க' என்றார். அந்தச் சொல்லுக்காக இன்றைக்கும் அவரைக் கும்பிடுகிறேன்.

பழனியம்மா விரலால் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தார். பிறகு, "வரலீங்களே" என்றார். "எல்லாம் காஞ்சு போச்சுங்களா? நீங்க அளந்தீங்களே, மூணுதானே இருந்துச்சு."

"அது வேற தண்ணி அம்மா. நான் அளக்கச் சொன்னது கண்ண நனைக்கிற தண்ணி. அழுகைக்கு உள்ளுக்குள்ள வேற ஊத்து இருக்கு. அதுகிட்ட எங்க கத்தி போகவே இல்ல."

சாந்தி வந்து பக்கத்தில் இருந்தாள். அம்மாவின் முகத்தைத் தொடப் போனவள், தொடலாமா என்று என்னைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன். "ஏம்மா எங்கிட்ட சொல்லல?" என்றாள். "நீ வந்தப்ப கத்திக்கிட்டே வந்தியே புள்ள" என்றார் பழனியம்மா, அப்புறம் இமைத்தார். அவ்வளவுதான். இருபத்திரண்டு நாள் அடக்கியது அத்தனையும் வந்தது. நான் போய்க் கதவைச் சாத்தினேன். வெளியே வரிசையில் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள், முணுமுணுக்கட்டும் என்று விட்டுவிட்டேன். டொக்டர் ஜன்னல் பக்கம் திரும்பி ஒரு ஃபைலைப் புரட்டிக்கொண்டிருந்தார். அது தலைகீழாக இருந்தது.

சரக்குக் கலக்காத கண்ணீர் மருந்து எழுதிக் கொடுத்தார். மணிக்கொரு தடவை கண்ணை மெதுவாக மூடித் திறக்கப் பழக்கச் சொன்னார். அவர்கள் போனதும் நான் அலுமாரியைத் திறந்து, அடுக்கியிருந்த தாள்களை எல்லாம் எடுத்து மேசையில் போட்டு, நீலப் பேனாவால் வெட்டத் தொடங்கினேன்.  அன்றிலிருந்து பாட்டையும் விட்டுவிட்டேன். ஒவ்வொருவரிடமும், வீட்டில் யார் இருக்கிறார்கள், யாருக்காவது முடியாமல் இருக்கிறதா, அடுத்த மாதம் கல்யாணம் காட்சி ஏதாவது இருக்கிறதா என்று கேட்டுவிட்டுத்தான் எது கூடாது என்று சொல்வேன். கண்ணைத் துடைப்பதென்றால் சுத்தமான துணியால் கன்னத்தோடு ஒற்றிக்கொள்ளுங்கள், அழ வேண்டியிருந்தால் அழுங்கள் என்பேன். நேரம் கூட எடுக்கும். எடுக்கட்டும்.

இதோடு நிறுத்தினால் நான் திருந்திய கதை மாதிரி ஆகிவிடும். அது அப்படி இல்லை. இரவில் படுத்தால் கறுப்புக் கண்ணாடியோடு சுவரில் சாய்ந்திருக்கும் அந்த அம்மாதான் கண்ணுக்குள் வந்தார். கருமாதியும் முடிந்துபோன பிறகு நான் வெட்டிய கோட்டால் அவருக்கு என்ன ஆகப் போகிறது?

நான்கு மாதம் கழித்து இடது கண்ணுக்கு வந்தார். சாந்திதான் கூட்டி வந்தாள், அம்மாவின் பையையும் அவளே தூக்கிக்கொண்டு. கீற்று இரண்டு கண்ணிலும் பத்தைத் தாண்டியது. ஒப்பரேசனும் நல்லபடி முடிந்தது. மறுநாள் கட்டை அவிழ்த்தபோது பக்கத்தில் யாரும் இல்லாத நேரம் பார்த்து நான் அவர் முன்னால் ஸ்டூலைப் போட்டு இருந்தேன்.

"அம்மா, நான் ஒங்களுக்குப் பெரிய தப்பு பண்ணிட்டேன். அத எப்புடித் திருத்துறதுனு எனக்குத் தெரியல."

அவர் என்னைப் பார்த்தார். இரண்டு கண்ணாலும் முதன்முதலாக என்னைத் தெளிவாகப் பார்க்கிறார் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. தான் நினைத்ததை விட எனக்கு வயசு போய்விட்டது என்று கூட நினைத்திருப்பார்.

"அழ முடியலனு எனக்கு மனசு ஆறலதாங்க மிஸ்ஸி. அது பொய்யில்ல" என்றார். "ஆனா ஒண்ணு சொல்றேன். பூ விழுந்ததுல இருந்து நாலஞ்சு வருசமா அவரு மொகம் எனக்கு மூட்டமாத்தான் தெரிஞ்சுச்சு. நீங்க கட்டு அவுத்த பொறவு பத்துப் பதினோரு நாளு பாத்தேன். கடைசியா அன்னைக்கு முழுக்கப் பாத்தேன். அங்க இருந்தவங்க எல்லாம் அழுதுகிட்டு இருந்தாங்க, அவங்களுக்கு என்ன தெரிஞ்சிருக்கும்? கண்ணுல தண்ணியில்லாம அவர நல்லாப் பாத்து அனுப்பினது நான் ஒருத்திதாங்க."

மருந்து விடும் நேரம். குப்பியை எடுத்துக் கையில் பொத்தினேன். சூடு ஏறியதும் சாந்தியைக் கூப்பிட்டுக் கொடுத்துவிட்டேன். அவள் அம்மாவின் தாடையை ஒரு கையால் நிமிர்த்தி, ஒரே ஒரு சொட்டு விட்டு, "மூடிக்கம்மா" என்றாள்.